கழுவிய ரோமம்

மார்ச் 3

அன்புள்ள எக்ஸ்ரேக்கு,

போனில் பேசினால் "சாப்டியா", "ம்", "சரி வெச்சிடறேன்" என்பதோடு நம் கதை முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். அதுவும் போக, இந்த உறைக்குள் ஒரு பொருள் இருக்கிறது. மெதுவாகப் பிரி. கொக்கி கூர்மையானது.

நேற்று மீன்பிடி காலம் தொடங்கிவிட்டது. நானும் மருந்துக்கடைக்காரரும் பாலத்துக்குக் கீழே இறங்கினோம். பனி உருகி வந்த தண்ணீர், முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவர் கடையில் வாங்கிய பளபளப்பான செயற்கை ஈக்களைத் தூண்டிலில் மாற்றி மாற்றிக் கட்டி வீசினார். ஒரு ட்ரவுட் மீன்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நான் உறைக்குள் இருக்கிற ஈயின் அண்ணன் ஒன்றைக் கட்டிக் குறுக்கே வீசி, தண்ணீர் இழுத்த இழுப்புக்கு விட்டேன். தூண்டில் கோல் வளைந்தது பார், அப்படி ஒரு வளைவு! அதற்கப்புறம் எனக்கு உட்கார நேரமில்லை. மருந்துக்கடைக்காரர் மீன்பிடிப்பதை விட்டுவிட்டு என் பின்னாலேயே வந்தார். "யோவ், என்னய்யா மந்திரம் வெச்சிருக்க? எனக்கும் ரெண்டு குடுய்யா" என்று ஒரே கெஞ்சல். மூன்றாகவே கொடுத்தேன்.

எனக்குக் கட்டத் தெரிந்தது ஒரே வகைதான், உனக்குத் தெரியும். கொக்கியில் மெழுகு தேய்த்த பட்டுநூல். அந்த நூலிலேயே கொஞ்சம் ரோமத்தை முறுக்கிச் சுற்றினால் உடம்பு. தலைப்பக்கம் ஒரு கவுதாரி இறகு, இரண்டே சுற்று. முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. ஈ விற்கிற கடைக்காரன் கண்ணுக்கு அது பிய்ந்துபோன எதுவோ. தண்ணீருக்குள் போனதும் அந்த மெல்லிய இறகு விரிந்து சுருங்கும்போது மீனுக்கு அது உயிருள்ள பூச்சி.

ஆனால் இந்த முறை உடம்புக்குக் கடையில் வாங்கிய முயல் ரோமம் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார். அடியில் சாம்பல், நடுவில் செம்பட்டை, நுனியில் கறுப்பு. யாரென்று தெரிகிறதா? நம் தடியன்தான்! அலமாரி மேல் பிஸ்கட் டப்பாவில் அவன் சீப்பிலிருந்து எடுத்து வைத்திருந்தாயே, அது. அப்படி ஒரு ரோமம் எந்தக் கடையிலும் கிடைக்காது. இருந்தவரை ஆற்றில் தொப்பென்று குதித்து மீனையெல்லாம் விரட்டின நாய், போன பிறகு எனக்கு மீன் பிடித்துத் தருகிறான். உனக்கும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒன்றை அனுப்புகிறேன். சட்டையில் குத்திக்கொள்.

உன்,
கண்ணாடிக் கடைக்காரன்


மார்ச் 8

கண்ணாடிக் கடைக்காரருக்கு,

கடிதத்தைப் படித்தேன். நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடியும் படித்தேன். இல்லை, நீங்கள் எழுதியிருப்பது அதுதான்.

கல்யாணமான நாளிலிருந்து உங்களை நீங்கள் என்று சொல்லித்தான் பழக்கம். இந்தக் கடிதத்தில் இதற்கு மேல் அது வராது. நீ யாரைக் கேட்டு அந்த டப்பாவைத் திறந்தாய்?

ஈயைக் கையில் எடுத்து முதலில் என்ன செய்தேன் தெரியுமா? மூக்கில் வைத்தேன். கொக்கி கட்டைவிரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. வீட்டுக்காரம்மா துணி காயப்போட மாடிக்கு வந்தவர், "என்னம்மா, கையெல்லாம் ரத்தம்?" என்று பதறிப்போய்ப் பஞ்சு எடுத்து வந்தார். ரத்தத்தை விடு. அந்த ஈயில் எலுமிச்சை வாசனை வருகிறது. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சோப்பு.

கழுவினாயா? எவ்வளவைக் கழுவினாய்? டப்பாவில் இருந்ததெல்லாமா? இதற்கு எனக்கு ஒழுங்காகப் பதில் வேண்டும்.

அந்த டப்பாவில் நான் ரோமத்தையா வைத்திருந்தேன் என்று நினைத்தாய்? அவன் வாசனையை வைத்திருந்தேன். மழையில் நனைந்து வந்து, துடைப்பதற்குள் சோபாவில் ஏறிப் படுத்துக்கொள்வானே, அந்த நாற்றம். வீடு முழுக்க நாறுகிறது என்று நான்தான் திட்டுவேன். அவன் போன பிறகு எல்லாவற்றையும் துவைத்தாகிவிட்டது, அந்தச் சீப்பில் இருந்த ரோமத்தைத் தவிர. அடிக்கடி திறந்தால் தீர்ந்துவிடும் என்று, திறக்க வேண்டும் போலிருக்கிற நாளெல்லாம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு திறக்காமலேயே மேலே வைப்பேன். நீ அதைச் சோப்புத் தண்ணீரில் முக்கி அலசியிருக்கிறாய். அலசிவிட்டு ஆற்றில் வீசியிருக்கிறாய். மருந்துக்கடைக்காரருக்குத் தானம் வேறு செய்திருக்கிறாய்!

மீன் பிடித்துத் தருகிறானாம். உனக்கு வாய் கூசவில்லையா?

கட்டிய ஈக்கள் அத்தனையும் எனக்கு வேண்டும். ஒன்று விடாமல். கொடுத்தவரிடம் போய்த் திருப்பி வாங்கு. டப்பாவையும் அனுப்பு. போன் செய்யாதே. இங்கே சுவர் மெல்லியது. நான் கத்தினால் தெருவே வந்து நிற்கும்.


மார்ச் 13

எக்ஸ்ரேக்கு,

நீ என்று எழுதியிருக்கிறாய். எழுது. அதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆமாம், கழுவினேன். எல்லாவற்றையும் கழுவினேன். கழுவாத ரோமத்தில் எண்ணெய்ப்பசை இருக்கும், ஈ தண்ணீரில் மிதக்கும். இந்த ஈ மிதந்தால் அதை எதற்குக் கட்டுவது? மூழ்க வேண்டும். இதை எனக்குச் சொன்னது யார்? நீ. கல்யாணமான புதிதில், இதே மேசையில், நான் கட்டிய முதல் ஈயைத் தம்ளர் தண்ணீரில் போட்டு, அது மிதந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "ரோமத்தக் கழுவணும், மக்கு" என்றவள் நீ. கையில் ரோமம் வந்தால் கழுவுவதுதான் எனக்கு இத்தனை வருஷமாகப் பழக்கம். மூக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய ரோமம் என்று டப்பாவின் மேல் எழுதியா ஒட்டியிருந்தாய்?

அவ்வளவு உயிராக இருந்தால் ஏன் விட்டுவிட்டுப் போனாய்? தடியன் போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் இடம் காலியாக இருக்கிறது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாய். அவன் போட்டோவை எடுத்துக்கொண்டாய். கழுத்துப்பட்டையை எடுத்துக்கொண்டாய். அவன் பிறாண்டின கதவையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் என்னையும் விட்டுவிட்டுப் போனாய். வேலைக்காகப் போகிறாய் என்று ஊருக்குச் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையோ பேசினார்.

நான் இன்னமும் கடையை அடைத்துவிட்டு வந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது ஒரு காலைப் பின்னால் ஊன்றிக்கொள்கிறேன், அவன் வந்து மோதினால் விழாமல் இருப்பதற்கு. இது உனக்குத் தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?

ஈக்களைத் தர முடியாது. அதில் ஒன்று ஒரு மீனின் தாடையோடு போய்விட்டது. ஒன்று அக்கரை மரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நண்பருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு என்னால் மானம் கெட முடியாது.


மார்ச் 18

கண்ணாடிக் கடைக்காரருக்கு,

முயல் ரோமத்தைக் கழுவச் சொன்னேன். கடையில், பொட்டலத்தில், விலை ஒட்டி வருகிற ரோமத்தை. நம்மோடு ஒரே வீட்டில் இருந்தவனுடையதைச் சொல்லவில்லை. இதுகூடப் பிரித்துச் சொன்னால்தான் உன் மண்டையில் ஏறுமா?

ஏன் டப்பாவை விட்டுவிட்டுப் போனேன் என்று கேட்டிருக்கிறாய். இங்கே எல்லாவற்றிலும் ஆஸ்பத்திரி நெடி. என் தலையணையில், ரொட்டியில், உள்ளங்கையில். எக்ஸ்ரே அறையில் போடுகிற ஈய அங்கியைக் கழற்றிவிட்டு எத்தனை முறை குளித்தாலும் போகாது. அந்த டப்பாவை இந்த அறைக்குக் கொண்டு வந்தால் ஒரே வாரத்தில் அதற்குள்ளும் ஏறிவிடும். நம் வீட்டிலேயே இருந்தால் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். நீ இருக்கிறாயே, பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன். இதைப் படிக்கும்போது உனக்கு எங்கேயாவது சுருக்கென்று குத்தினால் சந்தோஷம்.

விட்டுவிட்டுப் போனதைப் பற்றி நீ பேசுகிறாயா? அவன் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த அன்று காலையில் கோலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனது யார்? அவன் தலை என் மடியில்தான் சாய்ந்தது. அவன் கண் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நீ ஈர பூட்ஸோடு மத்தியானம் வந்து நின்றாய்.

நீ என்ன பதில் எழுதப்போகிறாய் என்று தெரியும். நான்தானே போகச் சொன்னேன் என்பாய். ஆமாம், சொன்னேன். "இங்கயே நடந்து நடந்து என்னைக் கொல்லாதீங்க, உங்க ஆத்துக்கே போய்த் தொலைங்க" என்றேன். நீ போகமாட்டாய் என்று நினைத்துச் சொன்னேன். கூட இருந்த மனுஷனுக்கு இது புரிய வேண்டாமா? நான் சொன்ன மற்ற எதையாவது அவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்திருக்கிறாயா? குழாயை மாற்றச் சொல்லி எவ்வளவு காலமாகிறது!

அந்த வீட்டில் நான் ஏன் இருக்கவில்லை என்றால், நீ வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டதும் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, இடுக்கியில் ஒரு கொக்கியை மாட்டிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாய். நான் அவனைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்தால், "அந்தக் கத்திரிக்கோல எங்க வெச்சேன்" என்பாய். முதுகோடு எத்தனை நாள் குடித்தனம் செய்வது?

ஈக்கள் வர வேண்டும். மானம் கெட்டால் கெடட்டும்.


மார்ச் 27

எக்ஸ்ரேக்கு,

இதோ, எடுத்துக்கொள். பெட்டிக்குள் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறேன். உன் டப்பாவும் அதற்குள் இருக்கிறது. இந்த முறை விரலைக் குத்திக்கொண்டு என் தலையில் பழியைப் போடாதே.

மருந்துக்கடைக்காரர் அந்த மூன்றையும் தொப்பியில் குத்தி வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறார். இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நான் போய்க் கேட்டேன்.

"குடுத்தத திருப்பிக் கேக்கறியே, வெக்கமா இல்ல?" என்றார்.

"வெக்கமாத்தான் இருக்கு. குடுய்யா."

"அப்படி என்ன அவசரம்?"

"வீட்ல கேக்கறாங்க."

"அவங்கதான் இங்க இல்லியே!" என்றார், அத்தனை பேருக்கும் முன்னால்.

தொப்பியைத் தலையிலிருந்து அப்படியே பிடுங்கினேன். ஒரு ஈயின் இறகு பிய்ந்துவிட்டது. அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இனிமேல் தலைவலி மாத்திரைக்குக்கூட நான் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். உனக்கு வயிறு குளிர்ந்ததா?

அக்கரை மரத்தில் இருந்ததையும் எடுத்தேன். கிளை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏறினேன். என் வயதுக்கும் என் எடைக்கும் அந்தக் கிளை என்ன பாவம் செய்தது, முறிந்துவிட்டது. இடுப்பளவு பனித்தண்ணீரில் விழுந்தேன், கிளையைக் கையில் பிடித்துக்கொண்டே. ஈ அதில்தான் இருந்தது. மூன்று நாள் காய்ச்சல். அதனால்தான் கடிதம் தாமதம். நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன்.

மீனோடு போனதை மட்டும் கொண்டுவர முடியவில்லை. வேண்டுமானால் நீயே வந்து ஆற்றில் நோட்டீஸ் ஒட்டு.

கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தான் என்று எழுதியிருக்கிறாய். இத்தனை மாதம் சொல்லாததை இப்போது எழுத்தில் போட்டு அனுப்பியிருக்கிறாய், நான் தனியாக உட்கார்ந்து படிக்கட்டும் என்று. நல்லது. படித்தேன். சோபாவில் உட்கார்ந்து படித்தேன், அப்புறம் கடைக்குப் போகவில்லை. கண்ணாடி வாங்க வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இடுக்கியைக் கழற்றி ஜன்னல் வழியாகக் குப்பைத்தொட்டியில் எறிந்தேன். முதுகைக் காட்டுகிறேன் என்றாய் அல்லவா, இனி காட்டமாட்டேன். போதுமா?


ஏப்ரல் 2

கண்ணாடிக் கடைக்காரருக்கு,

போதாது.

பெட்டி வந்தது. டப்பாவைத் திறந்தேன், எலுமிச்சை. மூடிவிட்டேன். ரோமத்தையாவது ஈயிலிருந்து பிரித்து எடுத்துச் சேர்த்து வைக்கலாம் என்று சவரபிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டினதற்குத் தலைகீழாக அவிழ்க்க வேண்டும். முதலில் தலை முடிச்சை அறுத்தேன். அப்புறம் இறகின் சுற்று. அப்புறம் நூலைப் பின்பக்கமாகப் பிரிக்கப் பிரிக்க ரோமம் துண்டு துண்டாக வந்தது. மெழுகு ஒட்டி, நூல் சிக்கி, ஒன்றுக்கும் ஆகாது. கோபம் தலைக்கேறி அடுத்ததை எடுத்தேன். அதற்கடுத்ததை எடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீ கட்டுகிற ஈக்களை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். நீ எப்படிப்பட்ட ஆள், லென்ஸில் ஒரு தூசி இருந்தால் சாப்பாட்டை விட்டு எழுந்து போகிறவன். நீ கட்டினால் உடம்பு வால் பக்கம் மெலிந்து தலைப்பக்கம் பருத்து, சீவின மாதிரி இருக்கும். இவை அப்படியா இருக்கின்றன? ஒன்றில் நடுவில் கட்டி விழுந்திருக்கிறது. ஒன்றில் நூல் அறுந்து, அதன் மேலேயே மறுபடி கட்டியிருக்கிறாய். இரண்டே சுற்று, இரண்டே சுற்று என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன், ஒரு ஈயில் இறகை நாலு சுற்றுச் சுற்றியிருக்கிறாய். இன்னொன்றில் தலை முடிச்சு கொக்கியின் கண்ணையே அடைத்திருக்கிறது. நூலைக் கோக்கவே முடியாத ஈயை யாராவது பெட்டியில் வைத்துக்கொள்வார்களா? எனக்கு முதலில் அனுப்பினது மட்டும் சுத்தமாக இருந்தது. பொறுக்கியெடுத்து அனுப்பியிருக்கிறாய்.

கண் தெரியாமல் கட்டியிருக்கிறாய். அழுதுகொண்டே கட்டியிருக்கிறாய்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது என்று நினைக்காதே. முன்பைவிட ஆத்திரமாக வருகிறது. அழுதால் சொல்லி அழ வேண்டியதுதானே! எனக்குத் தெரியாமல் அழுவதற்கு நான் யார், பக்கத்து வீட்டுக்காரியா? நான் இங்கே தலையணையைக் கடித்துக்கொண்டு, நமக்கு வாய்த்தவன் மனுஷனா மரக்கட்டையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ அங்கே அவன் ரோமத்தை முறுக்கி முறுக்கி அழுதுவிட்டு, எனக்கு மந்திரம், வளைவு, சட்டையில் குத்திக்கொள் என்று கடிதம் எழுதுகிறாய். என்னை என்னவென்று நினைத்தாய்? எலும்புக்குள் விரிசலைப் பார்க்கிறவளுக்கு உன் கடிதத்தில் ஒன்றையும் பார்க்க முடியாமல் பண்ணிவிட்டாயே.

இடுக்கியைக் குப்பையில் எறியச் சொல்லி யார் கேட்டார்கள்? காலையில் குப்பைவண்டி வருவதற்கு முன் நீயே இறங்கிப் போய் எடுத்திருப்பாய். எடுக்காவிட்டால் புதிதாக வாங்கிக்கொள். ஈ கட்டுவது எனக்குப் பிரச்சினையில்லை.

சனிக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி இல்லை. இங்கே வா. கோல் கொண்டுவராதே, இந்த ஊரில் ஆறும் இல்லை. பழம், ரொட்டி எதுவும் வாங்கி வராதே. என் அறைக் கதவின் தாழ்ப்பாள் ஆடுகிறது, அதைப் பார்த்ததும் சரிசெய்கிறேன் என்று திருப்புளியைத் தேடாதே. வீட்டுக்காரம்மாவின் மூக்குக்கண்ணாடி கோணலாக இருக்கிறது, அதையும் தொடாதே. ஒரே ஒரு நாற்காலிதான், அதில் நீ உட்கார், நான் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறேன். நான் தடியனைப் பற்றிப் பேசுவேன். அன்று காலையில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்வேன். கத்துவேன். நீ கையில் எதையும் எடுக்காமல், என் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். எழுந்து போகக்கூடாது.

அன்று நான் போ என்றேன், நீ போனாய். இப்போது வா என்கிறேன். வராவிட்டால் இதுதான் கடைசிக் கடிதம். இதை நீ வருவாய் என்று நினைத்துச் சொல்லவில்லை. உண்மையாகவே சொல்கிறேன்.


ஏப்ரல் 5

எக்ஸ்ரேக்கு,

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

அழுதேன். உனக்கும் சேர்ந்து கஷ்டம் எதற்கு என்று சொல்லவில்லை, இப்படித்தான் இந்த இடத்தில் எழுதியிருந்தேன். அது பொய், கோடு போட்டு அடித்துவிட்டேன். உன் முன்னால் ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று பயமாக இருந்தது. அதற்குத்தான் முதுகு.

வருகிறேன் என்பதால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு நீ படியிறங்கிப் போனதைப் பற்றி நானும் பேசுவேன், நானும் கத்துவேன். வீட்டுக்காரம்மாவிடம் முன்னாலேயே சொல்லி வை. அன்று காலையில் நடந்ததைச் சொல். கதவைப் பார்த்ததையும் மறுபடி சொல். கேட்கிறேன். எழுந்திருக்கமாட்டேன்.

கோல் இல்லை, பழம் இல்லை, ஒன்றும் இல்லை. நீ சொன்னபடியே வருகிறேன். ஒரே ஒரு சந்தேகம்தான். இதைக் கேட்க எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருக்கிறது, ஆனாலும் இதை யாரிடம் போய்க் கேட்பேன்? உன் எதிரில் உட்கார்ந்து நீ பேசுவதையெல்லாம் கேட்கும்போது, இந்த இரண்டு கையையும் நான் எங்கே வைத்துக்கொள்வது?